இறந்தவர் வரிசையில் பதுருன்னிசா

தண்டையார்பேட்டை, சென்னை.
20-11-1958

அன்பான தவசி அண்ணனுக்கு, தங்கை சுகிர்தம் எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நானும் எஸ்தரும் சுகமாக இருக்கிறோம். மதினிக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் வேண்டுமென்றால் எழுதச் சொல்லுங்கள், இங்கே கல்மண்டபத்தில் நல்லது கிடைக்கிறது.

எஸ்தர் அப்பாவும் சுகம்தான். ஆனால் ஒரு இடத்தில் இரண்டு நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டேன் என்கிறார். கல்லாவில் உட்காருகிறார், உடனே எழுந்து வாசலுக்கு வருகிறார், ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைக்கிறார். விஷயம் இதுதான். வரப்போகிற கார்ப்பரேஷன் தேர்தலில் எங்கள் டிவிஷனுக்கு சுயேச்சையாக நிற்கப் போகிறாராம். "நூறு கவுன்சிலர்ல எந்தக் கட்சிக்கும் பாதி தேறாது சுகிர்தம். அப்போ மேயர் யாருன்னு சொல்லப்போறது எங்களை மாதிரி பத்துப் பேர்தான்" என்கிறார். பருப்பு மண்டி ராமசுப்பு அண்ணாச்சிதான் இந்த ஆசையை மூட்டிவிட்டது.

எனக்கு இதில் பயம்தான். ஆனால் நம் மக்கள் தெக்கே இருந்து வந்து கடை போட்டு இருபது வருஷம் ஆகிறது, இன்னும் இங்கே எங்களை 'வெளியூர்க்காரன்' என்றுதான் சொல்கிறார்கள். அதனால் நிற்கட்டும் என்றும் தோன்றுகிறது. நீங்கள் மணல்விளையில் இரண்டு தரம் பஞ்சாயத்து போர்டுக்கு ஜெயித்தவர். உங்கள் யோசனையை எழுதும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

தங்கை,
சுகிர்தம்


மணல்விளை,
2-12-1958

பிரியமுள்ள சுகிர்தத்துக்கு அண்ணன் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கண்டு எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஞானப்பூவுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை, கோவிலுக்கு நடந்தே போய் வருகிறாள். மழை இந்த வருஷம் தாராளம், உப்பளத்தில் வேலை நின்றுபோய்க் கிடக்கிறது.

மாப்பிள்ளை நிற்பது நல்ல காரியம். வெள்ளத்துரை வாய்ச்சாலகம் உள்ள ஆள், வெயிலைப் பார்க்காமல் அலைவார். பெரிய கட்சிக்காரர்கள் நடுவில் சுயேச்சைக்கு அது ரெண்டும் வேணும். நீ பயப்படாதே. வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள், காப்பி போடு, சிரித்த முகமாய் இரு, போதும்.

இத்துடன் மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு உறை வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. அப்படியே அவர் கையில் கொடுத்துவிடு. தேர்தல் சங்கதி, உனக்கு அதில் ஒன்றும் இல்லை.

எஸ்தர் நன்றாகப் படிக்கிறாளா?

உன் அண்ணன்,
தவசிமுத்து


தண்டையார்பேட்டை,
19-1-1959

அன்பான அண்ணனுக்கு,

கிறிஸ்துமசுக்கு வர முடியாமல் போனதில் எங்கள் எல்லோருக்கும் வருத்தம். எஸ்தருக்கு மூன்று நாள் காய்ச்சல், இப்போது தேவலை. உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுதுங்கள்.

இங்கே வீடு வீடாக இல்லை. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் எட்டுப் பேர். எஸ்தர் அப்பாவுக்கு சைக்கிள் சின்னம் கிடைக்கும் போலிருக்கிறது. அதற்குள் மூணு தெருச் சுவரில் சைக்கிள் வரைந்தாயிற்று. சோறு போட்டால் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். ஹார்பர் சங்கு ஊதினால் அதற்கும் திடுக்கிட்டு எழுந்திருக்கிறார்.

எனக்கும் வேலை வந்துவிட்டது. என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கிறது என்று நீங்கள் சின்ன வயதில் சொல்வீர்களே, அதையே இவரும் சொல்லி ஒரு கட்டு மனுக்களை எழுதக் கொடுத்தார். வாக்காளர் பட்டியலில் தப்பாக இருக்கிற பெயர்களை எடுக்கச் சொல்லும் ஆட்சேபணை மனு. ஒவ்வொருவர் பெயர், வீடு, வயது, பிறகு காரணம்: 'இறந்துவிட்டார்' அல்லது 'ஊரைவிட்டுப் போய்விட்டார்'. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் ரயில்வே லைனுக்குப் பக்கத்துக் குடிசைகள். ராமசுப்பு அண்ணாச்சி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

ஒரே இடத்தில் எப்படி இத்தனை பேர் செத்துப்போனார்கள் என்று எஸ்தர் அப்பாவிடம் கேட்டேன். "போன வருஷம் அங்கே காலரா வந்துச்சில்ல?" என்றார். வந்தது உண்மைதான். ஆனால் இத்தனை சாவு கேள்விப்பட்ட ஞாபகம் இல்லை. நம் ஆட்கள் நேரில் விசாரித்துத்தான் எடுத்தார்களாம். எழுதி எழுதி விரல் வீங்கிவிட்டது.

மதினியிடம் சொல்லுங்கள், அவர்கள் அனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்தது.

சுகிர்தம்


மணல்விளை,
27-1-1959

சுகிர்தத்துக்கு,

நலம். உன் நலத்துக்கு எழுது. வேலை அதிகம், அதனால் நாலு வரியோடு நிறுத்துகிறேன்.

பட்டியல் சரிபார்ப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மாப்பிள்ளை சொல்கிறபடி எழுதிக் கொடு, காரணம் கேட்டுக்கொண்டிருக்காதே. அவருக்கு ஏற்கனவே தலைக்கு மேல் வேலை.

இங்கே பனி கொட்டுகிறது. எஸ்தருக்குக் காய்ச்சல் திரும்பாமல் பார்த்துக்கொள்.

தவசிமுத்து


தண்டையார்பேட்டை,
5-2-1959

அன்பான அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். முந்தாநாள் காலையில் கடையில் நான் மட்டும் இருந்தேன். ராமசுப்பு அண்ணாச்சி கிட்டங்கியில் பருப்புப் புடைக்கிற ஒரு பெண், அடிக்கடி நம் கடைக்கு வருகிறவள்தான், ஒரு காகிதத்தை நீட்டினாள். "அம்மா, எங்க வூட்டு மூங்கில்ல இத்த ஒட்டிட்டுப் பூட்டான். இன்னா எழுதிக்கீதுன்னு கொஞ்சம் பட்ச்சி சொல்லேன்" என்றாள்.

கார்ப்பரேஷன் நோட்டீஸ். 'பதுருன்னிசா, கணவர் பெயர் தாவூது, வயது 34. இறந்துவிட்டதாக ஆட்சேபணை. பிப்ரவரி 23 திங்கட்கிழமை விசாரணைக்கு வராவிட்டால் பெயர் நீக்கப்படும்.'

இரண்டு வருஷமாக நம் கடைக்கு வருகிறாள், அவள் பெயரை நான் கேட்டதே இல்லை. "உன் பேர் என்ன?" என்று அப்போதுதான் கேட்டேன். "பதுருன்னிசா" என்றாள்.

அண்ணே, என் கையால் நான் எழுதின பெயர். வயது முப்பத்து நாலு என்று எழுதும்போது, பாவம், சின்ன வயசு என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது.

இவரிடம் கேட்டேன். ஒன்றிரண்டு தப்பு வந்திருக்கும் என்கிறார். நீங்கள் அவருக்குத் தனியாக எழுதினீர்களே, அதில் என்ன எழுதினீர்கள்? எனக்கு அது மட்டும் தெரிந்தால் போதும்.

உடனே பதில் எழுதுங்கள்.

சுகிர்தம்


தண்டையார்பேட்டை,
14-2-1959

அண்ணனுக்கு,

ஒன்பது நாள் ஆகிவிட்டது. தபால்காரர் கடையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கூப்பிட்டுக் கேட்கிறேன். அவரே இப்போது தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்த நோட்டீசை நான் பதுருன்னிசாவுக்குப் படித்துக் காட்டவில்லை. "ஒண்ணுமில்ல, தேர்தல் வருதுன்னு போட்டிருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் "அவ்ளோதானா" என்று அதைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நான் எழுதினது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

அந்தக் கடிதம் போட்ட மறுநாள் குடிசைப் பக்கம் போனேன். ஒவ்வொரு மூங்கிலிலும் அதே நோட்டீஸ். உள்ளே ஆட்கள் சமைத்துக்கொண்டும் பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டும் இருக்கிறார்கள். நாற்பது குடிசை வரைக்கும் போனேன். செத்துப்போன ஆள் ஒருவர்தான். வெளியூர் போனவர்கள் மூணு பேர். மிச்சம் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஒரு கட்சிக்குத்தான் போடுவார்களாம், எஸ்தர் அப்பாவுக்குப் போட மாட்டார்களாம். அதுதான் காரணம்.

உங்கள் உறையை இவர் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்துவிட்டேன். மன்னிக்க மாட்டீர்கள், தெரியும். 'கதவு நம்பர் இல்லாத இடமாகப் பார்த்து ஆட்சேபணை கொடுங்கள் மாப்பிள்ளை. அதுகளுக்குப் படிக்கத் தெரியாது, விசாரணைக்கு வராது. வராவிட்டால் பெயர் தானாகப் போய்விடும். இங்கே நான் அப்படித்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இங்கே நான் அப்படித்தான் என்றால், எத்தனை பேர் அண்ணே? யார் யார்?

விசாரணை 23ஆம் தேதி. நான் போகலாமென்று இருக்கிறேன்.

சுகிர்தம்


மணல்விளை,
18-2-1959

சுகிர்தம்,

இங்கே சுகம்.

நீ போகக் கூடாது. கட்டினவனைச் சபை நடுவில் காட்டிக்கொடுக்கிற பெண்ணை எந்த ஊர் மதிக்கும்? நாளைக்கு எஸ்தருக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில் இது வந்து நிற்கும். மாப்பிள்ளை செய்யாவிட்டால் எதிரே நிற்கிறவன் இதையேதான் செய்வான். குடிசைக்காரர்களுக்கு எவன் கவுன்சிலரானாலும் ஒன்றுதான்.

நீ கேட்டதற்கு நேரில் வரும்போது பதில் சொல்கிறேன். கடிதத்தில் எழுதுகிற சங்கதி இல்லை அது.

என் வார்த்தையைத் தட்டாதே. அப்பா போன பிறகு உன்னை நான் எப்படி வளர்த்தேன் என்று நினைத்துப் பார்.

தவசிமுத்து


தண்டையார்பேட்டை,
27-2-1959

அன்பான அண்ணனுக்கு,

எஸ்தர் சுகம். நான் சரியாகச் சாப்பிடவில்லை, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

போனேன்.

உங்கள் கடிதம் 21ஆம் தேதி வந்தது. படித்து, மடித்து, பைபிளுக்குள் வைத்துவிட்டுக் குடிசைக்குப் போனேன். முதலில் பதுருன்னிசா வீடு. நோட்டீசில் என்ன இருந்தது, அதை யார் எழுதினது, எல்லாம் சொன்னேன். பக்கத்தில் அவள் புருஷன் தாவூது கரி மூட்டை தூக்கிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பிறகு அவள், "நா செத்துட்டேனா?" என்று தாவூதைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப நேத்து மீன் கொளம்பு வெச்சது யாரு?" என்றார் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர்கள் அழவில்லை. ஹார்பரில் எண்ணிக்கை எழுதுகிற சௌக்கத் அலி என்பவரைக் கூட்டிவந்தார்கள். அவரும் நானும் இரண்டு நாள் வீடு வீடாகப் போய்த் திங்கட்கிழமை வரச் சொன்னோம்.

விசாரணை கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரி வாத்தியார் மேஜையில் உட்கார்ந்திருந்தார். ராமசுப்பு அண்ணாச்சியும் எஸ்தர் அப்பாவும் முதல் பெஞ்சில். யாரும் வர மாட்டார்கள் என்று வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்கு வாசல் பக்கம் சத்தம். எட்டிப் பார்த்தால் பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வரிசை. அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கைப்பிள்ளையோடு சிலர்.

"பதுருன்னிசா, இறந்துவிட்டதாக மனு. சொந்தக்காரங்க யாராவது வந்திருக்கீங்களா?" என்று அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்.

"நாந்தாங்க அந்தச் செத்துப்போனவ" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அடுத்த பெயர், அதற்கு அடுத்த பெயர் என்று கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இருபது பேர் ஆனதும் மனுக்கட்டைத் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் ஒரே கை. யார் எழுதினது?" என்றார்.

ராமசுப்பு அண்ணாச்சி தன் கையெழுத்து மட்டும்தான், மற்றது தெரியாது என்றார். எஸ்தர் அப்பா தரையைப் பார்த்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். அந்த இடத்திலிருந்து மேஜை வரைக்கும் நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. "நான் எழுதினேன் ஐயா. இவர்கள் உயிரோடு இருக்கிறது எனக்குத் தெரியாது. விசாரிக்காமல் எழுதினது என் தப்பு" என்றேன்.

"யார் எழுதச் சொன்னது?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை அண்ணே. அதிகாரி இரண்டு தரம் கேட்டார். என் பேனாவைக் கொடுத்து ஒரு வரி எழுதச் சொல்லி ஒத்துப் பார்த்தார். பிறகு என்னையும் முதல் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேட்பதை விட்டுவிட்டார். நான் சொல்லாவிட்டாலும் அந்த அறையில் தெரியாதவர் யாரும் இல்லை. அன்றைக்கு நூற்றுத் தொண்ணூற்று நாலு பேர் பெயர் திரும்ப ஏறியது. ராமசுப்பு அண்ணாச்சி பின்வாசல் வழியாகப் போனவர் அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை.

எஸ்தர் அப்பா என்னிடம் பேசுவதில்லை. "உங்கம்மாவைத் தண்ணி எடுத்து வைக்கச் சொல்லு" என்று எஸ்தரிடம் சொல்கிறார். நான் அங்கேயேதான் நிற்கிறேன். ஆனாலும் போட்டியிலிருந்து விலகவில்லை. ஒவ்வொரு நாளும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போகிறார்.

உங்கள் வார்த்தையைத் தட்டிவிட்டேன். நீங்கள் வளர்த்ததை மறந்து செய்யவில்லை.

சுகிர்தம்


மணல்விளை,
30-3-1959

அன்புள்ள சுகிர்தத்துக்கு மதினி ஞானப்பூ எழுதும் கார்டு.

இங்கு பிள்ளைகள் சுகம். உன் அண்ணன் உனக்கு எழுதவில்லை என்று தெரியும். கோபம் என்று நினைக்காதே. தினமும் எழுத உட்காருகிறார், கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து உப்பளத்து ரோட்டில் போய் நடக்கிறார். கேட்டால் வெக்கை என்கிறார். என்ன நடந்தது என்று நீயாவது எழுது. எஸ்தர் அப்பா தேர்தல் எப்படி இருக்கிறது?

ஞானப்பூ


தண்டையார்பேட்டை,
4-5-1959

அன்பான அண்ணனுக்கும் மதினிக்கும்,

வெயிலில் எஸ்தருக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, இப்போது விளையாடுகிறாள். உங்கள் எல்லோரையும் கர்த்தர் காக்கட்டும்.

எஸ்தர் அப்பா ஜெயித்துவிட்டார்.

நீங்கள் இரண்டாம் முறை படிப்பீர்கள் என்று தெரியும். எண்ணிக்கை முடிந்து சொன்னபோது நானும் நம்பவில்லை. குடிசைப் பக்கத்துச் சாவடியில்தான் சைக்கிளுக்கு அதிக ஓட்டு விழுந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் தோற்றிருப்பார்.

சாயங்காலம் மாலையோடு நம் கடை வாசலில் மேடை போட்டார்கள். இவர் மைக்கைப் பிடித்து, "ஏழை மக்கள் பெயர் பட்டியலில் போய்விடக் கூடாது என்று என் மனைவியை நான்தான் விசாரணைக்கு அனுப்பினேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. அந்த வரிசையில் நின்ற ஆட்களே கைதட்டினார்கள். நான் கடைக்குள்ளே போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டேன்.

மறுநாள் பதுருன்னிசா வந்தாள். "அவர் மேடையில் சொன்னது பொய். உங்களுக்கே தெரியும். பிறகு ஏன் அவருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தெரியாம இன்னா? அல்லாருக்கும் தெரியும். நின்ன நாலு பேரும் அத்தையேதாம்மா செய்வான். நாலு பேர்ல எவன் வூட்லயாவது அவன் பயப்படற ஆளு கீதான்னு பார்த்தோம். இவன் வூட்லதான் கீது. அதான் போட்டுட்டோம்."

பிறகு, "லைனுக்கு அந்தாண்ட தண்ணிக் கொயா இல்ல. ஒரு கொடத்துக்கு ரயிலு தண்டவாளம் தாண்டி வர்றோம். மார்ச்சுல தாவூது தங்கச்சி மக அதுல அடிபட்டுப் பூட்டா. கொயா வர்றவரைக்கும் தெனம் வருவேன். அவராண்ட இல்ல, உன்னாண்ட" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்கே குழாய் பற்றி இவரிடம் கேட்டேன். இரண்டு மாதம் கழித்து நேரே என் முகத்தைப் பார்த்து இவர் பேசிய முதல் வார்த்தை, "மேயர் தேர்தல் முடியட்டும்" என்பது. அப்போது இரண்டு கட்சியும் இவருக்குக் கார் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாருக்குக் கை தூக்கினால் எந்தக் கமிட்டி கிடைக்கும் என்றே பேச்சு. "குழாய் யார் போடுவார்கள் என்று கேட்டு அவர்களுக்குத் தூக்குங்கள்" என்றேன். கடைசியில் ஒரு காகிதத்தை எடுத்து, "எத்தனை குழாய்? எழுது" என்றார். நான் எழுதவில்லை. "நீங்கள் எழுதுங்கள்" என்றேன். அவரே எழுதினார்.

மேயர் தேர்தலில் குழாய்க்கு ஒத்துக்கொண்ட பக்கத்துக்கே கை தூக்கினார், மூன்று குழாய்க்கு உத்தரவாகியிருக்கிறது. இன்னும் தோண்டவில்லை. பதுருன்னிசா தினமும் வருகிறாள். காலையில் அவள் குரல் கேட்டால் கல்லாவை விட்டு உள்ளே போய்விடலாமா என்று பார்க்கிறேன். ஆனாலும் வரத் தாமதமானால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணே, நான் பிப்ரவரியில் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

சுகிர்தம்


மணல்விளை,
11-6-1959

அன்புத் தங்கை சுகிர்தத்துக்கு,

ஞானப்பூ சுகம். பிள்ளைகள் சுகம். எனக்குக் கொஞ்ச நாளாக உறக்கம் சரியில்லை.

தொண்ணூற்றாறு பேர். உப்பளத்துக்குப் பின்னால் இருக்கிற காலனி முழுவதும். நாலு வருஷத்துக்கு முந்தைய தேர்தலில். மனுக்களை எழுதினது நான், கையெழுத்துப் போட்டது வேறு ஆள்.

ஓட்டுப் போடுகிற அன்று நான் சாவடி வாசலில் நின்றேன். இசக்கியம்மாள் என்று உப்பு வாருகிற ஒரு பெண் வந்தாள். பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். மத்தியானம் மறுபடி வந்தாள், சாயங்காலமும் வந்தாள். மூன்றாம் தரம் என்னிடமே, "மொதலாளி, எம்பேரு இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றாள். நான் பட்டியலைப் புரட்டுகிற மாதிரி புரட்டி, "இல்ல தாயி, கவர்மெண்டுல தப்புப் பண்ணிட்டான்" என்றேன். "சரி மொதலாளி. நீங்க ஜெயிக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குத்தான் போட வந்திருக்கிறாள், சுகிர்தம். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் அவள் பெயரை அடித்திருக்கிறேன்.

நீ விசாரணைக்குப் போன செய்தி வந்த நாளிலிருந்து இதை எழுதிப் பார்க்கிறேன். உன் மே மாதக் கடிதம் வந்த பிறகு, எழுதினால் போதாது என்று போன சனிக்கிழமை காலனிக்குப் போனேன். போர்டு மெம்பர் வந்திருக்கிறார் என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்காரவில்லை. இசக்கியம்மாள் என்னைக் கண்டதும் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். வெயில் அப்படி.

அவள் கொடுப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். உன் பெயரை எடுத்தது கவர்மெண்டு இல்லை, நான்தான் என்றேன். எல்லோர் பெயரையும் திரும்பச் சேர்க்க மனு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. உன் பதுருன்னிசா மாதிரி எதுவும் கேட்கவுமில்லை. "அன்னைக்கு மூணு மட்டம் நடந்தேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு நீட்டின செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, திரும்பி வரவுமில்லை. மனுக்களில் கைநாட்டு வைக்க ஒருவரும் வரவில்லை. அந்த வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். நாற்காலியையும் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வரும் சனிக்கிழமையும் போகிறேன்.

எஸ்தரைக் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளைக்கு எழுத எனக்கு இன்னும் வார்த்தை வரவில்லை.

அண்ணன்,
தவசிமுத்து